லயத்துக்குப் போகும் சடக்கு

செலண்டாரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் தோட்டத்தில் இப்போது ஒரு லயத்து வரிசை வீடுகள்தான் மிச்சம். அங்கிருந்துதான் நான் மோட்டார் சைக்கிளில் மலாக்கா ஆபீசுக்குப் போய் வருகிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுபவருக்கு, நெஞ்சுவலி வந்த மதியம், விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தேன்.

ஆம்புலன்சுக்கு நான்தான் போன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் ஓட்டுநர் திரும்ப அழைத்தார். தன் கைப்பேசி வரைபடத்தில் தோட்டம் வெறும் பச்சையாகக் கிடக்கிறது, எந்த சிம்பாங்கில் திரும்ப வேண்டும் என்று மலாயில் கேட்டார். பழைய ரப்பர் பால் கொட்டாய், தண்ணீர் டேங்க் என்று அடையாளம் சொன்னேன். அவர் கண்ணுக்கு எல்லாம் செம்பனை மரம்தான். மோட்டாரை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். வண்டி தவறான மண்பாதைச் சடக்கில் வெகுதூரம் போய், திருப்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. நாங்கள் வீட்டை அடைந்தபோது அண்ணனின் தலை அக்காவின் மடியில் இருந்தது. அக்கா விசிறுவதை நிறுத்தியிருந்தார்.

கருமாதி முடிந்த பிறகுதான், யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய பொது வரைபடம் ஒன்று இருப்பதை ஆபீஸ் தோழி சொன்னாள். ஓட்டுநரின் கைப்பேசியில் நான் பார்த்த செயலியும் அதிலிருந்துதான் சாலைகளை எடுக்கிறதாம். மரங்கள் மூடியிருப்பதால் மேலிருந்து எடுத்த படத்தில் எங்கள் சடக்கு தெரியவில்லை. கைப்பேசியோடு நடந்துதான் பதிய வேண்டும்.

"நானும் வர்றேன் தங்கச்சி. வீட்ல உக்காந்து என்ன செய்யப் போறேன்?" என்றார் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தோம். வண்டி தவறிப் போன பிரிவில் அக்கா நின்றுவிட்டார்.

"இங்கதானா?"

"ஆமாக்கா."

"இதையும் போட்டுடு. அங்கிட்டு வழி இல்லைன்னு போடு."

போட்டேன். முகம் தெரியாத யாரோ ஒருவர், நான் கோணலாக வரைந்திருந்த ஒரு வளைவைப் பிறகு சரிசெய்திருந்தார்.

சில மாதம் கழித்து, கடைசி வீட்டுப் பெரியம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. பயத்தில் மோட்டாரை வெளியே தள்ளினேன். நான் அதைக் கிளப்புவதற்குள் ஆம்புலன்ஸ் லயத்துக்குள் நுழைந்துவிட்டது. பெரியம்மா பிழைத்துக்கொண்டார்.

வண்டி போன பிறகு அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"யாரும் போய் கூட்டிட்டு வரலியா?"

"இல்லக்கா. மேப்ப பாத்து வந்துட்டாங்க."

"அவ்ளோதானா? ஒரு நாள் காலைல நடந்தோமே, அது போதுமா?"

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை.

அவர் இப்போது தங்கா பத்துவில் மகளோடு இருக்கிறார். அழைத்தால் பேசுவார், பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார். தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நான் இன்னும் வரைகிறேன். போன வாரம் சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், "எதுக்குக்கா இதெல்லாம்? நாங்க இருக்கறதே கொஞ்சம் பேருதான்லா" என்றாள்.

"ஆம்புலன்ஸ் வர்றதுக்கு" என்றேன்.

"இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லையே" என்று சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அண்ணனைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.