சேசிஸ் எண்ணுக்குப் பொட்டு வைத்தவன்

தங்கராஜு இறந்த செய்தி வந்தபோது நான் பட்டறையில் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். தொலைபேசியில் அவன் மகள் மாலதி. "மாமா, அப்பா போயிட்டாரு," என்று சொல்லி அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கு அஞ்சலை அத்தைக்கு மெஷின் நாளு, மாமா," என்றாள். அப்பன் கிடக்கும்போது ஒரு பெண் பேசுகிற பேச்சா இது என்று வெளியாட்கள் கேட்கலாம். அவனைத் தெரிந்த நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

அவனை எடுத்த அன்று என்னைக் காணவில்லை என்று உங்களில் பலருக்கு வருத்தம். இத்தனை வருடப் பழக்கத்துக்குக் கடைசியாக முகம் பார்க்கக்கூடவா வரவில்லை என்று ஒருவர் கோவில் வாசலிலேயே கேட்டுவிட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அறுபது தாண்டியவனை அவன் இவன் என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 'அவர்' என்று எழுதினால் அவனே எழுந்து உட்கார்ந்து சிரிப்பான்.

அலோர் காஜாவில் துணிக்கடை வைத்திருந்தான் என்பது உங்களுக்குத் தெரியும். புடவை மூட்டைகளைத் தோட்டந்தோட்டமாக ஏற்றிப் போவதற்காக அந்தக் கறுப்பு ஜீப்பை இரண்டாம் கையாக வாங்கினான். ஒருநாள் சிம்பாங் அம்பாட் போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த அஞ்சலை அக்கா அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த உடம்பு. சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் முடித்துவிட்டு வந்து நின்றவர். இவன் கடையை அப்படியே போட்டுவிட்டு அவரை வீடுவரை கொண்டுபோய் விட்டான். அதற்கப்புறம் மெஷினுக்குப் போகும் நாளெல்லாம் போய்க் கூட்டிவந்தான். அந்தப் பக்கத்து நோயாளிகள் வேறு சிலரும் ஏறிக்கொண்டார்கள். புடவை மூட்டை பின்னால் போய், கடைசியில் காணாமலே போய்விட்டது.

ஜீப்பு என்னவோ என் உயிரை எடுத்தது. எண்ணெய் ஒழுகும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அது யோசித்துவிட்டுத்தான் திரும்பும். பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். "வலது பக்கம் அன்பு ஜாஸ்தி லா," என்பான். சத்தத்தைப் பற்றிக் கேட்டால், "கத்துற வண்டி நல்ல வண்டிடா. கத்துறத நிறுத்தினாத்தான் நாம பயப்படணும்," என்பான். இந்தத் தத்துவத்தை வைத்துக்கொண்டு எத்தனை கோளாறைத் தள்ளிப் போட்டானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

போன வருடக் கடைசியில் பட்டறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கணையத்தில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். கடைக்குப் புதுத் துணி வந்திருக்கிறது என்று சொல்வதுபோல்தான் அதைச் சொன்னான். எந்த டாக்டர், என்ன மருந்து என்று கேட்க ஆரம்பித்தேன்.

"அதை விடு," என்றான். "ஜீப்பை மாலதி பேருக்கு மாத்தணும். நான் கண்ணை மூடினப்பறம்னா லாயர், கோர்ட்டுன்னு இழுக்கும். நடுவுல ரோட்டெக்ஸ் முடிஞ்சா வரி கட்ட முடியாம வண்டி கொட்டகையிலதான். அஞ்சலைய யாரு கொண்டு போறது? நான் இருக்கும்போதே இன்ஸ்பெக்‌ஷன் லெப்பாஸ் ஆவணும்டா. வேற ஒண்ணும் கேக்கல உன்கிட்ட."

பெயர் மாற்ற வேண்டுமானால் வண்டி பரிசோதனையில் தேற வேண்டும்; அதைத்தான் லெப்பாஸ் என்றான். அந்த வண்டியா!

பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனோம். அப்படியும் வண்டி தேறவில்லை. பின்பக்கப் பிரேக் இரண்டு சக்கரத்திலும் ஒரே மாதிரி பிடிக்கவில்லை, புகை அதிகம், ஷாக் அப்சார்பரில் கசிவு, முன்விளக்கு வானத்தைப் பார்க்கிறது, பின் கண்ணாடிகளில் ஒட்டிய கறுப்பு டின்டட் படம் சட்டத்துக்கு மீறிய இருட்டு. பழைய ஜீப்பு என்றால் இதெல்லாம் வழக்கம்தான், நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது கடைசியில் வந்தது. வண்டியைப் பரிசோதித்த மலாய்க்காரத் தம்பி டார்ச்சோடு குனிந்து, சேசிஸ் எண்ணைத் தேடினான். வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் எண் அது. பதிவில் இருப்பதும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் பெயர் மாறாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு தடித்த பொருக்கு இருந்தது.

அவன் இது என்ன அங்கிள் என்று மலாயில் கேட்டான். தங்கராஜு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்: "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான் வெச்ச பொட்டு. அதுதானே வண்டியோட அடையாளக் கார்டு, ஐசி நம்பரு? அதுக்கு வெக்காம டயருக்கா வெப்பாங்க?"

மற்றவர்கள் வண்டிக்கு முன்னால் பொட்டு வைப்பார்கள். இந்த மகாராசன் மட்டும் அடியில் புகுந்து வைத்திருக்கிறான். சந்தனமும் குங்குமமும் ஈரத்தை வாங்கி வாங்கி, அடியில் இரும்பு துருப்பிடித்துவிட்டது.

"வருஷம் தவறாம பூசினியே, ஒரு வருஷமாச்சும் தொடச்சியாடா?" என்று கத்தினேன்.

"சாமிக்கு வெச்சத யாராச்சும் தொடப்பாங்களா?" என்றான்.

பிரேக், புகை, ஷாக் அப்சார்பர், விளக்கு எல்லாம் சாமான் மாற்றினால் தீர்ந்தது. எண்ணைத்தான் தொடவே பயம். கம்பி பிரஷ் போட முடியாது, உப்புத்தாள் வைக்க முடியாது. ஒரு கீறல் விழுந்தாலும் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். எண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் துடைத்தேன். பக்கத்திலேயே தங்கராஜு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். நாளுக்கு நாள் சட்டை தொளதொளத்தது. "தெரியுதாடா?" என்பான். "மூடிட்டு இரு," என்பேன். ஓர் எண் மட்டும் மூன்றா எட்டா என்று கடைசிவரை என்னை வதைத்தது.

டின்டட்டைப் பிரிக்கப் போனபோது சண்டை வந்தது. கையைத் தட்டிவிட்டான். "மெஷின் முடிஞ்சு வந்தா அஞ்சலை பின் சீட்டுல படுத்துரும். வாயத் தொறந்துகிட்டு, சேலை எங்க கெடக்குன்னு தெரியாம தூங்கும். தோட்டத்துல அது எப்படி நிமிந்து நடந்த பொம்பளன்னு உனக்குத் தெரியுமா? கடைத்தெருவே எட்டிப் பார்க்கணுமா?" என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தக் கறுப்புப் படம் அழகுக்காக ஒட்டியது இல்லை என்று. இவ்வளவு காலம் அவனை நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

விஷயம் எப்படியோ அஞ்சலை அக்கா காதுக்குப் போய்விட்டது. மறுநாள் பட்டறைக்கே வந்துவிட்டார். "எனக்கு மறைவு வேணும்னு உன்னைய யாரு கேட்டா, தங்கராஜு? எனக்கு வண்டி வேணும்," என்றார். ஊசி போடுகிற கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்ட, மற்றக் கையால் படத்தின் முனையைப் பிடித்து, பட்டை பட்டையாக உரித்தார். "என் மூஞ்சிய ஊரு பார்த்தா பார்த்துட்டுப் போவுது லா." தங்கராஜு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுதான் என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் முறை அவனால் வர முடியவில்லை. மாலதி ஓட்ட, நான் கூடப் போனேன். அதே தம்பி குனிந்து ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படித்தான். அந்தப் பாழாய்ப்போன எண் வந்ததும் நிறுத்தினான். கட்டைவிரலால் ஒரு தடவை துடைத்தான். "லாப்பான்," என்றான். எட்டு! கையிலிருந்த தாளும் எட்டு என்றுதான் சொன்னது. "லெப்பாஸ்," என்று எழுந்தான்.

தங்கராஜுவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "ஹார்ன் அடிச்சுப் பார்த்தாங்களா? என் ஹார்ன் நல்லா இருக்கும்," என்றான். அந்த வாரமே சக்கர நாற்காலியில் போய், பெயர் மாற்றக் கட்டைவிரலை வைத்தான். தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்ட பையன்போல் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தான். அதன்பின் அவன் அதிக நாள் இருக்கவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். அவனை எடுத்த அன்று மாலதி வீட்டில் இருக்க வேண்டியவள். ஜீப்பை நான் ஓட்டினேன். டயாலிசிஸ் நிலையத்தில் காத்திருந்து, அஞ்சலை அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தேன். எப்போதும் ஏறியதும் படுத்துவிடுகிறவர், அன்று தலையை வாரி முடிந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "அவன் வீட்டு வழியா போ," என்றார். தெருமுனையில் கூட்டம். வண்டி உள்ளே போக முடியவில்லை, அவராலும் இறங்கி நடக்க முடியவில்லை. அவனைத் தூக்கிவந்தபோது கண்ணாடி வழியே கையெடுத்துக் கும்பிட்டார். உங்களில் சிலர் திரும்பிப் பார்த்தீர்கள். கறுப்பு டின்டட் இருந்திருந்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு முன் சீட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி விக்கி விக்கி அழுதவன் நான்தான். நானும் வந்திருந்தேன், நண்பர்களே.

நேற்று ஆயுத பூஜை. துக்க வீடு என்பதால் மாலதி இந்த வருடம் எதுவும் செய்யவில்லை. ஜீப்பை என் பட்டறையில் கொண்டுவந்து விட்டாள். சடங்கு என்றாலே கிண்டல் செய்கிற நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தேன். முதலில் எண்ணெய்த் துணியால் எண்ணைத் துடைத்தேன். எட்டு பளிச்சென்று தெரிந்தது. பிறகு, ஒரு விரல் தள்ளிப் பொட்டு வைத்தேன்.