முடிச்சேன், முடிஞ்சேன்

கவலைப்படுவதற்குச் சம்பளம் உண்டென்றால் தெல்ஃபீனா இந்நேரம் கடலோரத்தில் வீடு வாங்கியிருப்பாள். ஈரத்தலையோடு வாசலைத் தாண்டினால் ஜன்னி. கழுத்தில் காற்றுப் பட்டால் பிடிப்பு. சாப்பிட்ட கையோடு குளித்தால் நேராகக் கல்லறை. ரோக்காவெர்னாக்காரர்கள் எல்லோருமே இதை நம்புகிறவர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் நம்பிவிட்டு எங்கள் ஜோலியைப் பார்ப்போம். அவள் அதையே ஜோலியாக வைத்திருந்தாள்.

என் கடையும் அதன் மேலேயே என் வீடும் அவள் வீட்டுக்கு நேர் எதிரே. நூல், பொத்தான், கம்பளி, உள்ளாடை விற்கிறேன். சந்து எவ்வளவு குறுகல் என்றால், இந்த ஜன்னலிலிருந்து நானும் அந்த ஜன்னலிலிருந்து அவளும் கையை நீட்டினால் உப்பு வாங்கிக்கொள்ளலாம். வாங்கியும் இருக்கிறோம். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் கணவனைத் திட்டினால் அவளுக்குக் கேட்கும். இப்படியே வயதாகிவிட்டது.

முன்பு அவள் கீழூரில் இருந்த ஷூ தொழிற்சாலையில் அடித்தோல் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதை இழுத்து மூடினார்கள். மகன் இவானோ தூரினுக்கு வேலைக்குப் போனான். அந்தச் சமயத்தில்தான் பழைய கன்னிமாடத்தை ஓர் அமெரிக்கக் கல்லூரி வாடகைக்கு எடுத்து, அரை வருஷத்துக்கு ஒரு கூட்டமாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்க ஆரம்பித்தது. ஓவியம், வரலாறு, எங்கள் மொழி என்று ஏதோ படிப்பார்கள். அவர்கள் தங்க வீடு வேண்டும் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவள் தெல்ஃபீனா.

கவலைப்பட ஆள் இல்லாமல் அவளால் இருக்க முடியாது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அவள் காதுக்கும் போனது. "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்றாள்.

ஜன்னல் விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊரில் காலை மணி அடித்தால் ஜன்னலின் மரக்கதவுகளைத் திறந்துவிட வேண்டும். மணி அடித்தும் மூடியே கிடந்தால் அந்த வீட்டில் யாரோ ஊருக்குப் போயிருக்கிறார்கள், இல்லையென்றால் ஒரேயடியாகப் போயிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெல்ஃபீனா தன் கணவன் செத்திமியோ அசந்து தூங்குகிறாரே, இன்றைக்காவது தூங்கட்டும் என்று கதவுகளைத் திறக்காமல் விட்டாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கோயிலுக்கும் போய்விட்டு வந்தாள். மதியம் சாப்பிடக் கூப்பிடப் போனபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் கூரைக்கடியில் யார் தூங்கினாலும் மணி அடித்ததும் அறைக்குள் நுழைந்து இரண்டு கதவுகளையும் படாரென்று தள்ளிவிடுவாள். வந்த மாணவர்கள் எல்லோரும் அதை வெறுத்தார்கள். ஒரு பையன் உள்ளே நாற்காலியை முட்டுக்கொடுத்துப் பார்த்தான். நாற்காலியின் கால்தான் உடைந்தது.

அந்தச் செப்டம்பரில் வந்தவள் பெயர் ஹாட்டி. எங்கள் வாயில் 'ஹ' நுழையாது. ஆத்தி என்றே ஆகிவிட்டது. நெப்ராஸ்கா என்று ஏதோ தட்டையான தேசத்திலிருந்து வந்தவள். எங்கள் படிக்கட்டுச் சந்துகளில் ஏறினால் அவளுக்குத் தலை சுற்றும். சாமியாரிலிருந்து மேயர் வரைக்கும் எல்லோரையும் 'நீ' போட்டுத்தான் பேசுவாள். மரியாதைச் சொல் அவளுக்கு எட்டவே இல்லை. கறிக்கடை ப்ரீமோவிடம் 'எனக்கு' என்று சொல்லத் தெரியாமல், "நான் அரைக் கிலோ பன்றி" என்றாள்.

"இல்லம்மா, பார்த்தா கொஞ்சம் கூடவே இருப்பீங்கபோல இருக்கு" என்றான் ப்ரீமோ.

கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அக்டோபர் வரைக்கும் நன்றாகத்தான் சிரித்தாள்.

நவம்பரில் எங்கள் ஊர் மூடுபனிக்குள் போய்விடும். எதிர்ச் சுவர் தெரியாது. எங்களுக்கு அது பழக்கம். ஆத்தி வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். கூட வந்த பிள்ளைகள் வார இறுதியானால் ரோம், வெனிஸ் என்று கிளம்பிவிட, இவள் போர்வைக்குள் கிடந்தாள். தெல்ஃபீனா காலையில் ஜன்னலைத் திறப்பாள். அவள் கீழே இறங்கிய கொஞ்ச நேரத்தில் அது மறுபடி மூடிக்கொள்ளும். எனக்கு எல்லாம் தெரிந்தது. கடையில் உட்கார்ந்து வேறு எதைப் பார்க்கப் போகிறேன்?

"லோரே, மூணு கரண்டி சூப்தான் உள்ள போச்சு" என்று வந்து நிற்பாள் தெல்ஃபீனா; லொரெத்தா என்ற என் பெயர் அவள் வாயில் லோரே. "மூணாவதையும் எனக்காகத்தான் குடிச்சா."

"வயசுப் பொண்ணுடி. எவனாவது விட்டுட்டுப் போயிருப்பான்."

"எவனும் இல்ல. கேட்டேன். கேட்டா, ஒண்ணுமில்ல சிக்னோரா, ஒண்ணுமில்ல சிக்னோராங்குறா. ஒண்ணுமில்லாததுக்கு யாராவது இப்படி அழுவாங்களா?"

கன்னிமாடத்துக்கும் போய்ச் சொன்னாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், மாணவர்களுக்கு இது சகஜம், தானாகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டாள். தெல்ஃபீனா திரும்பி வரும் வழியில் என்னிடம் கம்பளி உள்பனியன் இரண்டு வாங்கிப்போனாள். எதற்கு என்று கேட்டேன். "வேற என்ன செய்றதுன்னு தெரியல" என்றாள்.

பிறகு அவள் செய்ததெல்லாம் தொந்தரவுதான். வேறு சொல் இல்லை. மூடிய ஜன்னலை மறுபடி திறந்தாள். மூடினால் திரும்பவும் போய்த் திறந்தாள். கிறிஸ்துமஸ் சூப்பில் போடுகிற கப்பெல்லெத்தி பிடிக்க ஆள் வேண்டும், தன் விரல் மடங்கவில்லை என்று பொய் சொல்லி அவளைச் சமையலறைக்கு இழுத்து வந்தாள். மாவு வட்டத்தில் கறி வைத்து, மடித்து, இரண்டு மூலையைச் சேர்த்தால் குல்லாய் மாதிரி வர வேண்டும். ஆத்தி பிடித்தவை மிதிபட்ட காது போல வந்தன. தெல்ஃபீனா அத்தனையையும் வாங்கித் தட்டில் அடுக்கினாள். ஒருநாள் நான் உப்புக்குக் கை நீட்டியபோது அவர்கள் இருவரும் மாவுக் கையோடு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

டிசம்பரில் பரீட்சை. எழுத்தில் இல்லை, பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும், அதுவும் எங்கள் மொழியில். அந்தக் காலையில் ஆத்தி ஈரத்தலையோடு வெளியே ஓடினாள். தெல்ஃபீனா தலை காயவைக்கும் இயந்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் வயர் படியில் தட்டுத்தட்டென்று அடிக்க, பின்னாலேயே ஓடினாள்.

"பதறாதே சிக்னோரா" என்று திரும்பிக் கத்திவிட்டுப் போனாள் அவள்.

மதியம் ஆனது. நான் கடையைப் பாதி சாத்தியிருந்தேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. தெல்ஃபீனா சமையல் துண்டோடு, வீட்டுச் செருப்போடு, கழுத்தில் ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தாள். ஆகஸ்டில்கூடக் கழுத்தை மூடாமல் வாசல் தாண்டாதவள். அதைப் பார்த்ததும் நான் சந்துக்கு இறங்கி வந்தேன்.

"போன் பண்ணா, லோரே. முடிஞ்சேன்னு சொன்னா."

"என்ன?"

"சிக்னோரா, நான் முடிஞ்சேன். கீழ போறேன். சாப்பாட்டுக்குக் காத்திருக்காதன்னா. அவ்வளவுதான். திருப்பிக் கூப்பிட்டேன், போன் அணைஞ்சு கிடக்கு."

எங்கள் பேச்சில் வேலையை முடித்தவர் முடிச்சேன் என்பார். முடிஞ்சேன் என்றால் முடிந்தது ஆள். இடையில் ஒரே ஓர் எழுத்துதான் மாறுகிறது, ஆனால் இங்கே பிறந்த எவரும் அதைத் தப்பாகச் சொல்ல மாட்டார்கள், தப்பாகக் கேட்கவும் மாட்டார்கள். கீழே என்றால் எங்களுக்குப் பாலமும் ஆறும்தான்.

"பரீட்சையைச் சொல்லியிருப்பாடி" என்றேன். "நான் அரைக் கிலோ பன்றின்னு சொன்னவதானே அவ?"

"அழுதுகிட்டே சொன்னா."

கடைக் கதவைச் சாத்தக்கூட நிற்கவில்லை. என் சால்வையை அவள் மேல் போட்டேன். அடுத்த திருப்பத்தில் அது விழுந்தது, அவள் குனியவில்லை. கறிக்கடை வாசலில் ப்ரீமோ பலகையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ப்ரீமோ, எங்க ஆத்தியைப் பார்த்தியா?" என்றேன்.

"இப்பத்தான் இந்தப் பக்கமா இறங்கிப் போச்சு. கூப்பிட்டேன், திரும்பல. கண்ணைத் தொடைச்சுகிட்டே போன மாதிரி இருந்தது." எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான். "என்ன ஆச்சு?"

நாங்கள் நிற்காமல் இறங்கினோம். அவனும் முன்கச்சையோடு எங்கள் பின்னால் வந்தான். படிகளில் தெல்ஃபீனா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். ஜெபம் என்று நினைத்தேன். பக்கத்தில் போனபோது கேட்டது. "இன்னைக்கும் திறந்தேனே, இன்னைக்கும் திறந்தேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை. என் சொந்தப் பிள்ளைகளுக்காகக்கூடப் பட்டதில்லை.

பாலத்தில் யாரும் இல்லை. கைப்பிடிச் சுவர் மேல் மஞ்சள் கழுத்துத்துண்டு கிடந்தது. தெல்ஃபீனா ஆத்திக்குப் பின்னியது, என் கடைக் கம்பளி. அதன் பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ, உள்ளே உருட்டி வைத்த காலுறைகள்.

தெல்ஃபீனா கத்தவில்லை. துண்டை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு அப்படியே கல்லில் உட்கார்ந்தாள். சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டியவள் நான். ப்ரீமோ ஆண்பிள்ளை, ஆனாலும் நகரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

கீழே, தண்ணீர் ஓரம், பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு ஆத்தி நின்றிருந்தாள். ஒரு கையில் கடித்த ரொட்டி.

"லொரெத்தா!" என்று என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். "நீயும் வா! குளிரு ரொம்ப நல்லா!"

தெல்ஃபீனா பக்கம் கையை மட்டும் ஆட்டினேன், வா, வந்து பார் என்று. அவள் எழுந்து, சுவரைப் பிடித்து, பார்த்தாள். உயிர் போய் உயிர் வந்த முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"டிசம்பர் மாசத்துல வெறுங்காலா? உனக்கு மூளை இருக்கா? சாப்பிட்டுகிட்டே தண்ணியில நிக்குறா பாரு!"

கீழே இறங்கிப் போய் அவளை இழுத்து வந்து படியில் உட்காரவைத்து, சமையல் துண்டால் அந்தக் காலைத் தோல் சிவக்கத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள். ஆத்திக்கு ஒன்றும் புரியவில்லை. பரீட்சையில் தேறிவிட்டாளாம், கடைசி மதிப்பெண்ணில். சந்தோஷத்தில் அழுகை வந்ததாம். அவள் ஊரில் ஒரு மெதுவான ஆறு உண்டு, கோடையில் எல்லோரும் அதில் காலை விட்டுக்கொண்டு நிற்பார்களாம். வந்த நாளிலிருந்து இந்த ஆற்றை வகுப்பு ஜன்னலில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தேறினால் இறங்குவது என்று தனக்குள் சொல்லி வைத்திருந்தாள். பாலத்தில் ஷூவைக் கழற்றியது, கீழே சேறு என்பதால். போனில் சார்ஜ் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ப்ரீமோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அம்மா தாயே, நீங்க பன்றியாவே இருந்திருக்கலாம்" என்றான்.

நான்தான் விளக்கினேன். "முடிச்சேன்னு சொல்லணும் கண்ணு. முடிஞ்சேன்னா நீயே முடிஞ்சு போனேன்னு அர்த்தம். உலகத்துல எல்லாம் போச்சு, இனி ஒண்ணுமில்லன்னு இருக்கிறவங்க சொல்ற வார்த்தை அது."

ஆத்தி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தெல்ஃபீனாவின் கையில் இருந்த தன் காலைப் பார்த்துக்கொண்டு, எங்கள் மொழியில், சொல் சொல்லாகத் தேடிப் பேசினாள்.

"நவம்பர்ல சொன்னா, சரியா இருக்கும்."

ப்ரீமோ ஆற்றைப் பார்த்தான்.

"தெரியும்" என்றாள் தெல்ஃபீனா. இன்னொரு காலை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"தினம் காலையில நீ வந்து அந்த ஜன்னல்..." படாரென்று கையால் காட்டினாள் ஆத்தி. "உன்மேல எனக்கு ரொம்பக் கோபம். கோபமா எந்திரிப்பேன். ஆனா எந்திரிப்பேன்."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தக் கூட்டம் கிளம்பியது. பேருந்து நிற்குமிடத்தில் ஆத்தி எல்லோரையும் கட்டிப்பிடித்தாள், மேயரை 'நீ' என்றாள். தெல்ஃபீனா அவளுக்குக் கழுத்துத்துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டாள். வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் ஜலதோஷத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தேன்.

மறுநாள் காலை மணி அடித்தது. நான் என் கதவுகளைத் தள்ளினேன். எதிரே மூடிக் கிடந்தது.

காபியை அடுப்பில் ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தேன். மூடித்தான் இருந்தது. இவ்வளவு நாள் அவளைக் கேலி செய்தவள் நான். காபி பொங்கியது, விட்டுவிட்டேன். கழுத்தில் ஒன்றும் இல்லாமல் சந்துக்குக் குறுக்கே ஓடினேன், அவள் எப்போதும் பூந்தொட்டிக்கடியில் வைக்கும் சாவியை எடுத்தேன். அவசரத்தில் சாவியைத் தலைகீழாகச் செருகி, திருப்பிச் செருகினேன். படியில் ஏறும்போது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடப் பயமாக இருந்தது.

இருட்டு அறையில், கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போர்வை அசைந்தது. மூச்சு வந்தது எனக்கு.

"முடிஞ்சேன், லோரே" என்றாள் திரும்பாமல்.

நான் ஜன்னலுக்குப் போய் இரண்டு கதவுகளையும் படாரென்று தள்ளினேன்.

"முடிச்சேன்னு சொல்லுடி" என்றேன். "பிப்ரவரியில அடுத்தது வருது. எந்திரி."