இலையில் மிச்சம் வைத்த குற்றம்

பேகம்பூரில் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜெய்தூன் பீவி துணிந்து ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார். சோறு, குழம்பு, வெஞ்சனம், கூடவே திட்டு. திட்டுக்குத் தனிக் காசு கிடையாது. இலையில் மிச்சம் வைப்பவர் அடுத்த சந்துக்காரராக இருந்தாலும் ஒரே வாசகம்தான்: "சோத்தை வீணாக்குறவன் இங்கிட்டு வராத. உன் ஊருக்கே ஓடிப்போ!"

ஜார்க்கண்டிலிருந்து நூல் மில்லுக்கு வந்த சோம்ரா, அதைக் கேட்பதற்காகவே ஒரு கைப்பிடி சோற்றை ஒதுக்கி வைப்பான்.

"அக்கா, ஓடவா?"

"அதையும் தின்னுட்டு ஓடுலே."

இந்த நிலையில்தான், நொடித்துப்போன ஊரில் உள்ளூர்க்காரர்களுக்கும் வடக்கத்தியருக்கும் மூண்ட போரை ஆவணப்படமாக்க, சென்னையிலிருந்து கிளெமென்ட் என்ற இயக்குநர் எழுந்தருளினார். போரைக் காணவில்லை. பாவம், மனிதர் இடிந்துபோனார். பசிக்கு ஜெய்தூன் கடையில் உட்கார்ந்து, பாதிச் சோற்றை விட்டு எழுந்தார். முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் கேமராவோடு வந்து, சோம்ரா வாங்கிய திட்டைப் பதிவுசெய்தார்.

படம் இணையத்தில் வந்தது. ஜெய்தூன் விரலை நீட்டி, "உன் ஊருக்கே ஓடிப்போ!" என்கிறார். சோறும் இல்லை, சிரிப்பும் இல்லை. பின்னணியில் வயலின் அழுகிறது.

ஊர் பூரித்தது. மில் வேலைக்குக் கூப்பிட்டபோது இடுப்புவலி என்று படுத்திருந்த வீரர்களெல்லாம் சால்வையோடு வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய முத்துச்சாமி, "எங்க மனசுல உள்ளதைச் சொல்லிட்டீகக்கா!" என்றார்.

"உன் மனசுல உள்ளதைச் சொல்ல என் வாய்தான் கெடச்சுச்சாக்கும்!"

ஜெய்தூன் கிளெமென்டுக்குப் போன் போட்டார். "உன்னையுந்தான தம்பி ஓடச் சொன்னேன்? அதை எங்க காணோம்?"

"அது கதைக்குத் தேவைப்படலைம்மா."

"என் சோறு மட்டும் தேவைப்பட்டுச்சோ?"

கிளெமென்ட் போனை வைத்துவிட்டார்.

சோம்ரா கடைப்பக்கம் வரவே இல்லை. தெருவில் போகும்போதெல்லாம் அந்த வாசகம் அவன் முதுகில் வந்து விழுந்தது. சொன்னவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒருநாள் வந்தான். ஓரமாக உட்கார்ந்தான். தலை நிமிராமல் சாப்பிட்டு, "மிச்சம் இல்லைக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கழுவி எடுத்ததுபோல் இருந்தது இலை. ஆயுசெல்லாம் ஜெய்தூன் ஊரிடம் கேட்டது இப்படியொரு இலையைத்தான். அதை இரு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவுக்கு வந்தார். எதிர்க் கடை வாசலில் முத்துச்சாமி கூட்டம் டீ குடித்துக்கொண்டிருந்தது.

"இந்தா பாருங்கய்யா, புள்ள பயந்து தின்ன இலை! இதுக்குப் போத்துங்க உங்க சால்வையை!"