சுரக்குடிக்கு ஒரு வெயில்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு எதற்கு இந்த வேலை? அதோடு, எழுதினால் சுரக்குடியில் இருக்கும் என் கூட்டாளிக்குத் தலைக்கனம் ஏறிவிடும். ஆனால் நான் சொல்லாவிட்டால் அவன் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிவான். அதற்கு இது தேவலாம்.

எங்கள் வீடு காரைக்காலில், கடற்கரையை ஒட்டிய தெருவில். அவன் வீடு உள்ளே, திருநள்ளாற்றுப் பக்கம். பைக்கில் போனால் ஒரு பாட்டு கேட்டு முடிப்பதற்குள் பாதி தூரம் வந்துவிடும். ஆனால் மாசி மாதத்தில் இரண்டும் வேறு வேறு நாடு. காலையில் அங்கே பனி மூடி எதிரே வருகிற மாடுகூடத் தெரியாது. இங்கே வெயில் கண்ணைக் குத்தும். மத்தியானம் இங்கே காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். அங்கே ஒரு இலை அசையாது, ஆள் வெந்துபோவான். அதனால் விடிந்ததும் போன் போட்டு வானத்தை விசாரிப்பது எங்கள் வழக்கம். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் அப்புறம்தான்.

இந்த வருடம் மாசிக் கடைசியில் அவன் அப்பா காலை உடைத்துக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டார். முதல் தடவையாக அறுவடையை அவன் தனியாகப் பார்த்தான். நெல்லை விலைக்கு எடுக்கிற இடத்தில் ஈரம் பார்க்கும் மிஷினில் ஒரு பிடி போட்டுவிட்டு, “ஈரம் கூட இருக்கு தம்பி, இன்னும் ஒரு வெயில் காட்டிக் கொண்டாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான், ஒரே ஒரு வெயில். ஆனால் அது ஏற்கெனவே மழையில் நனைந்த நெல். இன்னொரு தடவை நனைந்தால் முளை விட்டுவிடும். அப்புறம் கோழிக்குத்தான் போட வேண்டும்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

“மாப்ள, பனி விலகிருச்சு. நெல்ல ரோட்டுல விரிச்சுட்டேன். அங்க எப்படி?”

நான் கரையில் படகில் சாய்ந்தபடி நின்றிருந்தேன். கிழக்கே கடலுக்கு மேல் கருப்பாக ஒரு மேகம். கொண்டல் அடித்துக்கொண்டிருந்தது. கடலிலிருந்து கரைக்கு வீசும் கிழக்குக் காற்றைத்தான் நாங்கள் கொண்டல் என்போம்.

“கருப்பா ஒண்ணு நிக்குதுடா. கொண்டல் வேற. ஒன் வீட்டு அட்ரஸக் கேட்டுக்கிட்டுதான் நிக்குது.”

“வெளாடாதடா. எங்க தார்ப்பாய எலி கடிச்சு சல்லடையாக்கி வச்சிருக்கு. ஒங்க படகுத் தார்ப்பாயக் கொண்டா.”

“பொண்ணு கேக்குற மாதிரி மரியாதையாக் கேளு.”

“அண்ணே, தயவு பண்ணிக் கொண்டாங்க.”

அவன் என்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம். தார்ப்பாயைச் சுருட்டினேன். பக்கத்தில் மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“அதத் தூக்கிட்டுப் போனா என் நெத்திலிக்கு யாரு கொட புடிக்கிறது?”

“கொண்டல்மா. மேகம் அப்படியே உள்ள போயிரும். இங்க ஒரு சொட்டு விழாது.”

“பாதி ஆயுசக் கடல்லயே கழிச்ச ஒங்கப்பாகூட இவ்ளோ உறுதியா சொன்னதில்லடா.”

நான் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை வெயில். ஊரைத் தாண்டியதும் ஒரு தூறல், என்னை மட்டும் தேடிப் பிடித்து நனைத்தது. திருநள்ளாற்றில் மறுபடி வெயில். சுரக்குடியில் நான் சொட்டச் சொட்டப் போய் இறங்கினால், அங்கே தார் ரோடு அடுப்புக் கல் மாதிரி காய்ந்துகிடந்தது. பாதி ரோட்டை அடைத்து நெல். அதை வெறுங்காலால் கிளறிக்கொண்டே நடந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“குளிச்சிட்டு வந்தியா? நல்ல பழக்கம்தான்.”

“பின்னாடியே வருதுடா மழை. அள்ளு, அள்ளு.”

இரண்டு பேரும் பலகையால் நெல்லைத் தள்ளிக் குவித்து, தார்ப்பாயைப் போட்டு மூடி, நாலு பக்கமும் செங்கல் வைத்தோம். உடனே வெயில் பளீரென்று அடித்தது. மூடிய நெல் காயாது, உள்ளேயே வேர்க்கும். திறந்து பரப்பினோம். நாலே நாலு சொட்டு விழுந்தது. மறுபடி குவித்து மூடினோம். மறுபடி வெயில். எங்கள் தார்ப்பாயில் இருந்த மீன் வாசத்துக்கு எங்கிருந்தோ காக்கைகள் வேறு வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டன.

கட்டிலில் இருந்த அவன் அப்பா ஜன்னல் வழியாகக் கத்தினார். “நெல்லக் காயவைக்கிறீங்களா, தாலாட்டுறீங்களா?”

மூன்றாவது தடவை மூடிவிட்டு நான் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது என் போன் அடித்தது. அம்மா.

“கொண்டலு உள்ள போயிருச்சா தம்பி?”

“ஏம்மா?”

“இங்க கொட்டுது. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் நெத்திலிய முந்தானையில அள்ளிக்கிட்டு ஓடியாந்தோம். பாதி நனஞ்சுபோச்சு. நீ நல்லா இரு.”

ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. கூட்டாளி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. கால் உடைந்ததிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

சிரித்து முடித்ததும் அவன் எழுந்தான். கிழக்கே பார்த்தான். பிறகு மூடியிருந்த நெல்லைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பொழுது பாதிக்கு மேல் ஓடிவிட்டது. நெல் அரை வெயில்கூடக் குடிக்கவில்லை. செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்தான். தார்ப்பாயை மடித்துக் கொண்டுவந்து என் பைக்கில் கட்டினான்.

“டேய், மழை வந்தா?”

“வந்தா வரட்டும். மூடிவச்சு வேக வைக்கிறதுக்கு வெயில்ல போட்டு அடிவாங்கிக்கிறேன். நீ கெளம்பு. நீ நிக்கிறதாலதான் மேகம் வருது.”

“அப்ப தார்ப்பாயாவது இருக்கட்டும்.”

“அது இருந்தா நான் மூடிருவேன். எடுத்துட்டுப் போடா.”

அவன் நெல்லைப் பரப்ப ஆரம்பித்தான். நான் பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் திரும்பித் திரும்பி மேற்கே பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் அம்மா. “வாங்க, வானிலை ஆபீசரே. உள்ள போங்க.” உள்ளே கூடத்தில், கட்டிலில், நாற்காலியில் எல்லாம் ஈர நெத்திலி. உட்கார இடமில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

மறுநாள் விடிந்து போன் போட்டேன், அவன் எடுக்கவில்லை. பதினோரு மணிவாக்கில் எங்கள் கரையில் நல்ல வெயில் ஏறிவிட்டது. அம்மா நெத்திலியை மறுபடி மணலுக்குக் கொண்டுவந்து பரப்பிக்கொண்டிருந்தாள். நானும் கூட மாட உதவிக்கொண்டே, ‘நெல்ல எடுத்துக்கிட்டாங்களாடா?’ என்று ஒரு மெசேஜ் போட்டேன். பிறகு பதில் வந்தது:

“எடுத்துக்கிட்டாங்க மாப்ள, மிச்சமிருந்த வெயில அம்மாவோட நெத்திலிக்கு அனுப்பி வச்சிருக்கேன்.”