ஏறாத தண்ணீர்

ராத்திரி நடந்தது என்றால் உடனே நம்பியிருப்பீர்கள். இது நடந்தது பட்டப்பகலில், தாம்பரத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். 1973 மே மாதம். நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துவிட்டுப் போகலாம். மெட்டில்டா பொய் சொல்கிற பெண் இல்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவள் ஆராய்ச்சி எப்போதோ முடிந்து, பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டிருப்பாள்.

அவள் ஒரு கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, துருவத்துப் பனியாறுகள் கடலுக்கு எவ்வளவு ஐஸைப் பறிகொடுக்கின்றன என்பது. துருவத்துக்குப் போக யார் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள்? அதனால் பழைய ஸ்டோர் ரூமில் ஒரு சிமெண்ட் தொட்டி. அதற்குள் சரிவாக ஒரு கடப்பாக் கல். கல்லின் மேல் ஒரு முழு ஐஸ் பார். அதன் முனை மட்டும், கோவளத்திலிருந்து கேனில் கொண்டுவந்த கடல் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மேலே உமியைக் கொட்டிச் சாக்கு போட்டு மூடிவிட்டால் அனல் அண்டாது. கடல் தின்பதை மட்டும் அளக்கலாம். எந்தப் பக்கம் கரைந்தாலும் தண்ணீர் சரிவில் வழிந்து தொட்டிக்குள்தான் வந்தாக வேண்டும். ஐஸ் குறைந்தால் தண்ணீர் ஏற வேண்டும். குழந்தைக்கும் புரிகிற கணக்கு.

அந்தக் கணக்குதான் ஒரு வருஷமாக அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு தடவை தொட்டி ஒழுகியது. இன்னொரு தடவை, கோவளம் வரை போகச் சோம்பல்பட்ட வண்டிக்காரன் கிணற்றுத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து நின்றான். டிபார்ட்மென்ட் தலைவர் தேவானந்தம் கடைசியில் சொல்லிவிட்டார்.

"திங்கட்கிழமை எனக்குச் சரியான கணக்கு வேணும், மெட்டில்டா. இல்லேன்னா ரூமைக் காலி பண்ணு. கெமிஸ்ட்ரிக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

ரூம் போனால் ஆராய்ச்சி போச்சு. சனிக்கிழமை காலை அட்டெண்டர் குப்பனைக் கூட்டிக்கொண்டு ஐஸ் டிப்போவுக்குப் போனாள். கரண்ட் கட்டில் ஃபாக்டரியே ஓடவில்லை. டிப்போவில் இருந்தது ஒரே ஒரு பார்.

"அது ஒருத்தர் விடிகாலைலயே சொல்லி வச்சுட்டுப் போயிருக்காரு மேடம். வண்டி இட்டுகினு வரேன்னாரு" என்றார் டிப்போக்காரர்.

"வந்தாரா?"

"இன்னும் வரல..."

"வராதவருக்கு எதுக்குங்க எடுத்து வைக்கிறீங்க? அது கரைஞ்சு சாக்கடைக்குப் போறதுக்கா? நான் இதோ நிக்கிறேன், எனக்குக் குடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் கொடுத்துவிட்டார். குப்பன் கையைப் பிசைந்தான். "பாவம் மேடம், இன்னா அவசரமோ அந்தாளுக்கு." மெட்டில்டா காதில் வாங்கவில்லை.

பதினோரு மணிக்கு எல்லாம் தயார். தண்ணீர் நின்ற இடத்தில், தொட்டிச் சுவரில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டாள். இருந்த ஒரே ஜன்னலுக்குக் கருப்பு அட்டை ஒட்டினாள். குப்பன் இரும்புலியூரில் தன் வீட்டுக்குக் கிளம்பிப் போனான்.

சாயங்காலம் வந்து பார்த்தால் மேலே உமி நடுவில் அமுங்கிக் கிடந்தது. சாக்கைத் தூக்கினாள். ஐஸின் மேல்பக்கம் பள்ளமாகக் குழிந்திருந்தது. முனையில் கரைய வேண்டிய ஐஸ், மூடி வைத்த இடத்தில் கரைந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

"கர்மம்! இதுவும் ஒழுகுதா?"

தொட்டியைச் சுற்றித் தடவினாள். தரை காய்ந்து கிடந்தது. உமியைச் சரிசெய்து, ரூமைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். அந்த ரூமுக்கு வேறு சாவி கிடையாது.

மறுநாள் சர்ச்சிலிருந்து நேராகக் கல்லூரிக்கு வந்தாள். லீவு நாள், ஒரு ஈ காக்கை இல்லை. கடிகாரத்தில் பன்னிரண்டரை. கதவைத் திறந்தாள்.

உள்ளே ஊதுபத்தி வாசனை.

சாக்கு இரண்டும் மடித்துச் சுவர் ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. அவள் மடிக்கவில்லை. உமியை யாரோ ஒதுக்கித் தள்ளியிருந்தார்கள். ஐஸ் பாதிதான் இருந்தது. சிவப்புக் கோட்டைக் குனிந்து பார்த்தாள். தண்ணீர் ஒரு நூல்கூட ஏறவில்லை.

பாதி ஐஸ் எங்கே போனது? பயம் அப்போதும் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நாளைக்குத் தேவானந்தத்தின் முகத்தில் எப்படி முழிப்பது? பள்ளத்தின் ஆழத்தையாவது அளப்போம் என்று அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு கிட்டப் போனாள்.

அப்போதுதான் அந்தப் பள்ளத்தை முழுசாகப் பார்த்தாள்.

மேலே உருண்டையாக ஒரு குழி. தலை. அதற்குக் கீழே அகலமாக இரண்டு தோள். முதுகு. ஒடுங்கிய இடுப்பு...

யாரோ சின்ன உடம்புக்காரர் மல்லாந்து படுத்துப் படுத்துக் குழித்த மாதிரி.

கிர்ர்ர்...

ஐஸ் முனகியது. பாரம் ஏறினால் வருமே, அந்தச் சத்தம்.

"ஐஸ் விரிசல் விடுது" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

ஸ்கேலைப் பள்ளத்துக்குள் இறக்கினாள்.

பாதியிலேயே நின்றுவிட்டது.

கீழே ஐஸ் தெரிகிறது. ஸ்கேல் அதைத் தொடவில்லை. நடுவில் எதுவும் இல்லை. ஆனாலும் ஸ்கேல் நின்றது... எதன் மேலோ.

ஸ்கேலைக் குறுக்காகப் படுக்க வைத்து, வெறியோடு அழுத்தினாள்.

மெத்தென்று அமுங்கியது.

"மெதுவா..."

வயதான பொம்பளைக் குரல். காதுக்குப் பக்கத்தில் இல்லை. ஸ்கேலின் அடியிலிருந்து.

பிறகு ஒரு பெருமூச்சு. வெயிலில் வேகாத வேக்காடு வெந்துவிட்டு வந்து, நிழலில் சாய்கிறவர் விடுவது.

"அப்பாடா..."

மெட்டில்டா ஓடினாள். பூட்டவில்லை. செருப்பைக்கூட எடுக்கவில்லை. ஸ்கேல் மட்டும் எப்படியோ கையோடு வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை தேவானந்தம் தொட்டிக்கு முன்னால் நின்றார். ஐஸ் மொத்தமும் போயிருந்தது. தண்ணீர் இன்னும் சிவப்புக் கோட்டிலேயே நின்றது.

"ஒரு முழு பார் ஐஸ்ம்மா! தண்ணி ஏறல, தரை நனையல. அப்போ எங்கதான் போச்சு? ஒரு பதில் எழுதிக் குடு. சாயங்காலம் வரைக்கும் டைம்."

அவர் போன பிறகு குப்பன் வந்தான். மொட்டை வெயிலில் நடந்து வந்த களைப்பு. கண் சிவந்திருந்தது.

"எங்க தெருவுல சாவு மேடம். செல்லியம்மாள்னு ஒரு கெழவி. சனிக்கிழமை விடிகாலைல செத்துப் பூட்டாங்க, எனக்கு வூட்டுக்குப் போனப்புறம்தான் தெரியும். ஒரே புள்ள, பம்பாய்ல கீறான். தந்தி குடுத்து, ரயில் புடிச்சு அவன் வந்து சேரவே நேத்து சாயங்காலம் ஆயிப்போச்சு. அது வரைக்கும் பொணத்தை வெச்சிருக்க ஐஸ் வேணுமில்ல? டிப்போவுல சொல்லி வெச்சிருந்தாங்க..."

அவன் அவளைப் பார்க்கவில்லை.

"வண்டியோட போனா ஐஸ் இல்ல. நாமதான் வாங்கினு வந்துட்டோமே மேடம். இந்த மே மாச வெயில்ல, ரெண்டு நாளு, சொம்மா பாயில போட்டு வெச்சிருந்தாங்க."

"அப்போ... அந்தப் பையன் முகம் பார்க்கலையா?"

"பாத்தான் மேடம். அதான் ஊரே பேசுது. துளி நாத்தம் இல்ல. தூங்குறாப்பல கீறாங்க. தொட்டா ஐஸ் கணக்கா சில்லுனு கீது! பாயி பூரா ஈரம். எங்கேர்ந்து தண்ணி வருதுன்னு யாருக்கும் தெரியல. தொடைக்கத் தொடைக்க ஊறுது. தலமுடியில அங்கங்க உமி."

மெட்டில்டா பேப்பரை இழுத்து வைத்து உட்கார்ந்தாள். முழு ஐஸும் எங்கே போனது? ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. அழுகையாக வந்தது. இதை எந்தத் தலைவரிடம் எழுதிக் கொடுப்பது? சாயங்காலம் ரூம் சாவியைக் கெமிஸ்ட்ரிக்காரர்களிடம் கொடுத்துவிட்டாள்.

சாமான்களை ஒழித்து வைக்கும்போது குப்பன் மெதுவாகச் சொன்னான்.

"இன்னொண்ணு மேடம். குளிப்பாட்டுறப்போ என் பொண்டாட்டி பாத்தாளாம். அவங்க வயித்து மேல பள்ளமா ஒரு தடம். குறுக்கால, பட்டையா. அதுல சின்னச் சின்னக் கோடு... நெம்பரு கூடத் தெரிஞ்சுதாம்."

மெட்டில்டாவின் கையில் அடிஸ்கேல் இருந்தது.