கறுவாயனுக்கு முளைத்த பல்

இருசம்மாளுக்கு ஆட்டின் வயதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கீழுதட்டைக் கட்டைவிரலால் மடித்துப் பார்ப்பாள். பால்பல்லா, பால்பல் விழுந்து இரண்டு பல் போட்டதா, நாலு பல்லா, கடை சேர்ந்த கிழடா என்று அந்தப் பார்வையிலேயே சொல்லிவிடுவாள். செந்துறைச் சந்தைக்கு ஆடு பிடிக்க வருகிறவர்கள் அவளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு நாய்க்குட்டியின் வாயில் ஏமாந்தாள்.

அவள் வைத்திலிங்கத்தின் ஆடுகளை வாரத்துக்கு வளர்த்தாள். தாய் ஆடுகள் அவருடையவை. சித்திரை பிறந்ததும் அந்த வருஷத்துக் குட்டிகளில் பாதி அவளுடையது. அவளுக்கு வந்த பாதி இதுவரை தங்கியதில்லை. புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது சில வருஷத்துக் குட்டிகள் போயின. அவன் போன பிறகு, ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவனுக்கு மகளைக் கட்டிக்கொடுத்ததில் மீதியும் போயிற்று. எழுபத்தொன்பதாம் வருஷத்தில்தான் அவளுக்கு எந்தச் செலவும் இல்லை. வருகிற குட்டிகளை விற்காமல் வைத்துக்கொண்டால் தனக்கென்று ஒரு பட்டி போட்டுவிடலாம். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடும் என்று பயம்.

பட்டியில் காவல் கிடந்த கிழட்டு நாய் ஐப்பசி மழையில் செத்துப்போனது. தை மாதம் முந்திரிக்காட்டு நரிகள் இரண்டு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. வைத்திலிங்கம் கத்துகிற ஆள் இல்லை. பங்குனியில், அறுப்பு முடிந்த வெறுங்காட்டில் பட்டி போடுவதற்குள் ஒரு நல்ல நாயைக் கொண்டுவரச் சொன்னார். இல்லாவிட்டால் ஆடுகளை, ஊரில் ஆடு மேய்க்கிற கண்ணையனிடம் மாற்றிவிடுவதாகவும் சொன்னார். கண்ணையனிடம் இரண்டு நாய்கள் இருந்தன.

பூலாம்பாடியில் அவள் தம்பி தர்மன் இருந்தான். அவன் வீட்டு நாய் மார்கழியில் குட்டி போட்டிருந்தது. ஒவ்வொன்றாக வாயைத் திறந்து பார்த்து, அண்ணம் முழுதும் கறுத்திருந்த கடுவன் குட்டியை எடுத்துக் கொடுத்தான். அண்ணம் கறுத்த நாய்தான் காவலுக்கு ஆகும் என்பார்கள். கறுவாயன் என்று பெயர் வைத்து, கூடையில் போட்டு மூடி, பஸ்ஸில் தூக்கி வந்தாள். வழியெல்லாம் அது கூடையின் விளிம்பைக் கடித்துக்கொண்டே வந்தது. அந்தக் கடி அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பக்கத்தில் பட்டிக்கு நாய் எடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முறுக்கிய கத்தாழைக் கயிற்றைக் குட்டியின் முன் ஆட்டுவார்கள். கவ்வியதும் கயிற்றை மேலே தூக்குவார்கள். முழங்கால் உயரத்தில் விட்டுவிட்டால் அது வீட்டு நாய். இடுப்பு உயரம் தொங்கினால் பட்டி நாய்.

களத்தில் வைத்திலிங்கமும் நாலைந்து பேரும் பார்த்திருக்க, கயிற்றை இருசம்மாளே பிடித்தாள். குட்டி கவ்வியது. தூக்கினாள். இடுப்புக்கு வந்தும் அது விடவில்லை. உறுமிக்கொண்டே தொங்கியது.

“சரிதான், எறக்கு” என்றார் வைத்திலிங்கம்.

அவள் அங்கே நிறுத்தியிருக்கலாம். நரி தூக்கிய இரண்டு குட்டிகளுக்காக அவர் பார்த்த பார்வை இரண்டு மாதமாக அவள் முதுகில் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று கயிற்றைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, ஓர் உலுக்கு உலுக்கினாள். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. குட்டி கீழே விழுந்தது. கயிற்று முறுக்கில் ஒரு பல் சிக்கியிருந்தது. மேல் வரிசைக் கோரைப்பல் ஒன்று அடியோடு வந்துவிட்டது. மற்றது பாதியில் ஒடிந்து, முனை ரத்தத்தோடு ஈறில் நின்றது. விட்டுவிட்டு இறங்கியிருந்தால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

வைத்திலிங்கம் எழுந்து துண்டை உதறினார். “பல்லு போன நாய வச்சுக்கிட்டு நரிக்கு வெத்தலை பாக்கு வைக்கப் போறியா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

குட்டி கூழைக்கூடத் தொடவில்லை. சில நாளில் முகம் ஒரு பக்கமாக வீங்கி, ஒடிந்த பல்லைச் சுற்றிச் சீழ் கட்டியது. அவள் மறுபடியும் கூடையை எடுத்தாள். அரியலூர் மாட்டாஸ்பத்திரியில் உழவு மாடுகளுக்கு நடுவே ஒரு நாய்க்குட்டியோடு நின்றவளை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். வாயைத் திறந்து பார்த்த டாக்டர், ஒரு ஆளை விட்டுக் குட்டியை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, ஊசி போட்டு, ஒடிந்த வேரை நிதானமாகப் பிடுங்கி எடுத்தார். உள்ளே சீழ் வைத்தால் அடியில் இருக்கிற புதுப்பல்லும் கெட்டுப்போகும், அதனால்தான் எடுத்தேன் என்றார். கெட்டியான எதையும் கடிக்கவிடாமல், கரைத்த கூழும் மோரும் மட்டும் கொடுக்கச் சொன்னார்.

“புதுப்பல்லா?” என்று கேட்டாள் இருசம்மாள்.

“இது பால்பல்லும்மா. ஒடையலைன்னாலும் விழுந்திருக்கும். ரெண்டு மாசம் போவட்டும், எல்லாம் முளைச்சிரும். ஒம் புள்ளைக்கு முளைக்கலயா?”

மகளுக்கு விழுந்த பல்லையெல்லாம் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்தவள் அவள். ஆட்டுக்கு விழுந்து முளைப்பதைப் பார்த்துப் பார்த்தே பேர் வாங்கியவள். நாய்க்கு மட்டும் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. நாய் தன் பல்லைப் புழுதியில் போட்டுவிட்டோ விழுங்கிவிட்டோ போய்விடுகிறது. யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. திரும்பி வரும்போது, பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இறங்கியதும் நேரே களத்துக்குப் போய் வைத்திலிங்கத்திடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. நாய்க்காவது பால்பல்லாவது என்றார்.

“ஆட்டுக்கு விழுந்து முளைக்குதுங்களே ஆண்டே, அது மாதிரிதான்.”

“ஆட்டுக்கு மேல பல்லு ஏது? கீழதான விழுவுது, கீழதான முளைக்குது. இதுக்குப் போனது மேப்பல்லு. ஒனக்குத் தெரியாததா?”

ஆட்டுக்கு முன்வாயில் மேல்பல் கிடையாது என்பது உண்மை. அவள் தெரிந்து வைத்திருந்ததே அவள் வாயை அடைத்துவிட்டது. பங்குனி பிறந்ததும் ஆடுகளைக் கண்ணையன் ஓட்டிக்கொண்டு போனான். வருஷம் முடியாததால் குட்டியில் பங்கு இல்லை என்று வைத்திலிங்கம் சொல்லி அனுப்பினார். அதில் அவருக்குக் குற்ற உணர்வும் இல்லை, கோபமும் இல்லை. ஊர் வழக்கம் அது.

இருசம்மாள் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனாள், கிடைத்த கூலிக்கெல்லாம் போனாள். சாயங்காலம் வந்து கறுவாயனுக்குக் கூழ் கரைத்து வைத்து, கட்டைவிரலால் அதன் உதட்டை மடித்துப் பார்ப்பாள். வெறும் ஈறுதான். சித்திரை போயிற்று. வைகாசியில் ஒரு நாள் விரலில் கூராக ஏதோ பட்டது. மாதம் முடிவதற்குள் மேலே இரண்டு, கீழே இரண்டு, நாலு கோரைப்பல்லும் வெள்ளை வெளேரென்று நின்றன.

அதோடு விட்டிருந்தால் நாயாவது மிஞ்சியிருக்கும். களத்தில் சிரித்தவர்கள் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கறுவாயனை அழைத்துக்கொண்டு போய், அதே இடத்தில் உட்கார்ந்து, அதன் வாயைத் திறந்து காட்டினாள். வைத்திலிங்கம் குனிந்து, தானே விரலை விட்டு அசைத்துப் பார்த்தார்.

“சரியாத்தான் முளைச்சிருக்கு. நீ சொன்னது நெசம்” என்றார். நாலு பேர் முன்னால்தான் சொன்னார். மூன்று மாதமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. பிறகு அவர் நிமிர்ந்து, “கட்டிட்டுப் போ. பட்டிக்குன்னுதான வந்த நாயி” என்றார்.

அவள் ஆடுகளைப் பற்றிக் கேட்டாள். கண்ணையன் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான், வருஷ நடுவில் எப்படி மாற்றுவது என்றார். அவள் குடிசை நின்ற மனை அவருடையது. கறுவாயனின் கயிற்றைக் களத்துத் தூணில் அவளே கட்டினாள்.

ஆடியில், களைவெட்டப் போகும் வழியில் பட்டி தெரிந்தது. நாய் அவளைக் கண்டுகொண்டு வரப்பு தாண்டி ஓடி வந்து, காலைச் சுற்றிச் சுற்றிக் குழைந்தது. அப்பாலிருந்து கண்ணையன் கூப்பிட்டான். அவன் கெட்டவன் இல்லை.

“அக்கா, அத வெரட்டி வுடு. நேத்தும் ஒன் பின்னாடியே வந்துருச்சு. இப்புடியே இருந்தா பட்டியில நிக்காது, அடிச்சுக் கொல்லச் சொல்லிருவாரு.”

அவள் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். விளையாட்டென்று நினைத்து அது துள்ளியது. அடுத்ததைக் குறி பார்த்து எறிந்தாள். விலாவில் பட்டது. கறுவாயன் பின்வாங்கி நின்று, அவளையே பார்த்தது. அவள் மூன்றாவது கட்டியை எடுக்கக் குனிந்ததும் அதன் மேலுதடு சுருங்கி உயர்ந்தது. இரண்டு மேல்பல்லும் ஈறுவரை தெரிந்தன. பழுதில்லாத பல்.

அவள் கட்டியைக் கீழே போட்டுவிட்டு, களைக்கொட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். நாய் பின்னால் வரவில்லை.