மூன்றாவது பாட்டு மனைவிக்கு

அந்த லிப்ட் மெக்கானிக்கை வீட்டில் பார்த்தால், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன் என்பீர்கள். மேடை ஏறிவிட்டாலோ, அப்பப்பா, காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஹார்ட்கோர் என்கிற காட்டுக்கத்தல் இசைக்குழு ஒன்றில் கத்துவது அவர் வேலை. பாடுவது என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

முதல் ஆல்பம் முழுக்கப் புயல் வேகம். ஒரு வார்த்தைகூட யாருக்கும் விளங்கவில்லை. அந்தத் தைரியத்தில் மேலதிகாரி முதல் மாமியார் வரை எல்லாரையும் பாட்டில் வைத்துத் திட்டித் தீர்த்துவிட்டார். மூன்றாவது பாட்டு முழுக்க மனைவிக்கு. அந்த அம்மாளோ தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் துணி மடித்தார்.

இரண்டாவது ஆல்பத்தில் வினை டிரம்மர் ரூபத்தில் வந்தது. டிரம்மர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி.

"எத்தனை நாளைக்கு மாமா இப்படித் தடதடன்னு ஓட்டுறது? வேகத்தைக் குறைப்போம். நடுவுல கிடார், டிரம் எல்லாத்தையும் நிறுத்திடுவோம். உங்க குரல் மட்டும் தனியா கேக்கட்டும்."

கிடார் வாசிக்கும் மருந்துக்கடைக்காரரும் தலையாட்டிவிட்டார்.

மெக்கானிக் மாட்டிக்கொண்டார். எழுதி வைத்திருந்த பாட்டு மறுபடியும் மனைவியைப் பற்றியது. 'வீட்டுக்குள்ள நுழைஞ்சா விசாரணை' என்று ஆரம்பிக்கும். மாற்றலாம் என்றால், கோபம் வந்தால்தான் அவருக்குப் பாட்டே வரும். போதாக்குறைக்கு, ஒலிப்பதிவன்று மச்சினன் அக்காவையும் அழைத்துவந்து ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தான்.

அந்த இடம் வந்தது. டிரம் நின்றது, கிடார் நின்றது. இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிய லிப்ட் மாதிரி மெக்கானிக்கும் நின்றுவிட்டார்.

அந்தப் பக்கத்து மைக்கில் மனைவி பேசினார். "என்னைத் திட்டுற இடம்தானே? பாடுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன ஆல்பத்து மூணாவது பாட்டும் தெரியும். வீட்ல உங்க முணுமுணுப்பையே புரிஞ்சுக்கிறவ நான். கத்தினா புரியாதா?"

மச்சினன் டிரம்முக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"அப்புறம் ஏன் அதையே தினமும் போட்டுக் கேட்ட?"

"வேற எப்ப எங்கிட்ட மனசு விட்டுப் பேசியிருக்கீங்க?"

மெக்கானிக்குக்கு வெட்கமாகப் போயிற்று. அன்று அவர் கத்தவில்லை. எழுதிய வரிகளைக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். மனைவியும் அந்தப் பக்கமிருந்து வரிக்கு வரி பதில் கொடுத்தார். ஆல்பத்தில் அது அப்படியே இருக்கிறது.

குழுவின் இசை முதிர்ந்துவிட்டது என்று கேட்டவர்கள் புகழ்கிறார்கள். மச்சினனுக்குத்தான் கவலை. வீட்டில் வாய் திறந்து பேச ஆரம்பித்துவிட்ட மனுஷனுக்கு இனி எங்கிருந்து பாட்டு வரும்?